வயிறு தெரியாது, மேடம்

பிரேக் டீச்சருக்குத் தண்ணீரில் கண்டம் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. பிசியோதெரபிஸ்ட் சொன்னது இவ்வளவுதான்: "வாரத்துக்கு ரெண்டு நாள் இடுப்பளவு தண்ணியில நடங்க டீச்சர். முட்டி வீக்கம் வடியும்." கண்டம் தண்ணீரில் இல்லை, அதற்குள் இறங்கப் போட்டுக்கொள்ளும் துணியில் இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

டீச்சர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். இருபத்திரண்டு வருடமாக ஒரே டிரைவிங் ஸ்கூல். ஸ்கூல் என்றால் ஓர் அறை, ஒரு மேசை, மூன்று பழைய கார். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உலகத்தை மறந்துவிட, பக்கத்து இருக்கையில் இருக்கும் டீச்சர் தன் காலடியிலுள்ள இரண்டாவது பிரேக்கை மிதித்து, எத்தனையோ சுவர்களையும் சைக்கிள்களையும் ஒரு பால் வண்டியையும் காப்பாற்றியிருக்கிறார். அதனால்தான் அந்தப் பெயர். மிதித்து மிதித்து ஐம்பத்திரண்டாவது வயதில் வலது முட்டி பன் மாதிரி உப்பிவிட்டது. சம்பளம் அந்த வேகத்தில் ஏறியதில்லை.

நகராட்சி நீச்சல்குளத்தில் பெண்களுக்கென்று தனி நேரம் உண்டு. செவ்வாயும் வியாழனும் மதியம் இரண்டு முதல் மூன்று. வேலைக்குப் போகிற எந்தப் பெண்ணும் வர முடியாத நேரமாகப் பார்த்து, மிகுந்த அக்கறையோடு தேர்ந்தெடுத்திருந்தார்கள். டீச்சருக்கு அதிர்ஷ்டம், மதிய வெயிலில் கார் கற்க ஆள் வராது.

சீட்டு கொடுக்கிறவரிடம் கேட்டார். "பழைய டி-ஷர்ட்டும் பேன்ட்டும் போட்டுட்டு எறங்கலாமா?"

அவர் தலையை நிமிர்த்தாமல் பின்னால் இருந்த பலகையைக் காட்டினார். பருத்தி ஆடைக்கு அனுமதி இல்லை. முறையான நீச்சலுடை கட்டாயம்.

"நூல் உதிரும். வடிகட்டி அடைச்சுக்கும்," என்றார். முட்டியைப் பற்றி யாருக்கும் கவலை இல்லாவிட்டாலும் வடிகட்டிக்கு ஒரு நாதி இருந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் டீச்சரின் கணவர் செய்தித்தாளை மடித்தார். அவர் ஒரு கிடங்கில் சரக்கு மேற்பார்வையாளர். பேப்பரை மடித்தால் கருத்து சொல்லப்போகிறார் என்று அர்த்தம்.

"இந்த வயசுல நீச்சல் டிரெஸ்ஸா?"

"நீங்க ஞாயித்துக்கிழமை போறீங்களே."

"நான் சும்மா அரை டிராயர் போட்டுட்டுப் போறேன். அது வேற."

அது வேறுதான். அந்த அரை டிராயர் மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கியது. எலாஸ்டிக் போய், இடுப்பில் கயிறு கட்டி நிற்கிறது. அதற்கு மேலே வயிறு பால்கனி மாதிரி வெளியே எட்டிப் பார்க்கும். அந்தக் கோலத்தில் குளக்கரையில் இடுப்பில் கைவைத்து நின்று, நாட்டு நடப்பை அலசிவிட்டு வருவார். இன்றுவரை யாரும் அவரிடம் வயதைக் கேட்டதில்லை.

வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் மட்டும் குஷியாகிவிட்டாள். ஒரே சாயங்காலத்தில் நீச்சலுடை பற்றிய பதினொரு இணைய இணைப்புகளை அனுப்பினாள். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். எல்லாவற்றிலும் வெள்ளைப் பற்களோடு ஓர் அம்மா, கூந்தலில் ஒரே ஒரு நரைக்கற்றை, வயிறு என்ற உறுப்பே இல்லாமல் கடலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்குக் கீழே 'உங்கள் வயதில் மறைக்க வேண்டியவை' என்று ஒரு பட்டியல். முழு உடம்பையும் ஒரு பாகம் விடாமல் எழுதியிருந்தார்கள். இன்னொன்றில் பெண்களை ஆப்பிள், பேரிக்காய் என்று பழக்கடைக் கணக்கில் பிரித்திருந்தார்கள்.

டீச்சர் போன் போட்டார். "நான் என்ன பழம்டி?"

"நீ வந்து… கொஞ்சம் ஆப்பிள்மா."

"உங்கப்பா?"

மகள் யோசித்தாள். "ஆம்பளைங்களுக்கெல்லாம் பழம் கிடையாதும்மா."

மறுநாள் கடைக்குக் கிளம்பும்போது துணைக்கு வந்தவர் நாத்தனார். கணவரின் அக்கா, ஐம்பத்தேழு வயது, பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கிறார். தபால் அலுவலகக் கவுன்டரில் முப்பது வருடம் முத்திரை குத்தியவர். ஓய்வு பெற்ற பிறகும் பேச்சில் அந்தச் சத்தம் போகவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் 'டப்' என்று விழும், அப்புறம் மறுபேச்சு கிடையாது.

"நீ பாட்டுக்கு எதையாவது வாங்கிட்டு வந்து எங்க குடும்ப மானத்தை வாங்கிடுவே. நானும் வரேன்."

ஆறு வருடத்துக்கு முன்னால் நாத்தனாருக்கு மார்பில் புற்றுநோய் வந்து ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். குடும்பத்தில் அதற்கு 'அந்த ஆபரேஷன்' என்று பெயர். எந்த ஆபரேஷன் என்று யாரும் சொன்னதில்லை. சொன்னால் அது மறுபடி வந்துவிடும் என்பதுபோல. நாத்தனாரும் சொன்னதில்லை. அன்றிலிருந்து இரண்டு சுற்று பெரிய சட்டைகளாகப் போட்டுக்கொண்டார், புகைப்படம் எடுத்தால் யாராவது ஒருவரின் தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். மற்றபடி எல்லோருடைய குறையையும் கண்டுபிடிக்கும் வேலையில் எந்தத் தொய்வும் இல்லை.

கடை மூன்று மாடி. நீச்சலுடைகள் மேல் மாடியில். முதலில் இளம்பெண்களின் பகுதி: மஞ்சள், பச்சை, சிவப்பு, பூ, இலை, பறவை. அதைத் தாண்டி, ஒரு தூணைச் சுற்றி, தீயணைக்கும் சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒரு மூலை. மேலே 'முதிர்ச்சியின் அழகு' என்று பலகை. கீழே கறுப்பு, இன்னும் கொஞ்சம் கறுப்பு, கறுப்புக்குத் துணைக்கு ஒரு கருநீலம். முதிர்ச்சியின் அழகைப் பார்த்தால் இழவு வீட்டுக்குக் கிளம்பியதுபோல இருந்தது.

விற்பனைப்பெண் ஓடி வந்தாள். இருபத்தைந்துகூட இருக்காது. மனப்பாடம் செய்ததை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

"இது நம்ம ஸ்பெஷல் மேடம். இதைப் போட்டா வயிறு தெரியாது மேடம். இடுப்பு தெரியாது. பாவாடை வச்சிருக்கதால தொடை தெரியாது. கைச்சதை தொங்குறது சுத்தமாத் தெரியாது."

"அப்போ தண்ணிக்குள்ள நான் இருக்கேன்னு எப்படிம்மா தெரியும்?"

அவள் அதையும் ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டு நேர்மையாகப் பதில் சொன்னாள். "தலை தெரியும் மேடம்."

டீச்சர் கறுப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு உடை மாற்றும் அறைக்குள் போனார். மூன்று பக்கமும் கண்ணாடி. ஒரு முட்டிவலிக்காரியைப் பார்க்க மூன்று முட்டிவலிக்காரிகள் வந்து நின்றார்கள். உடையின் உட்புறத்தில் வயிற்றை அமுக்க ஒரு கெட்டித் துணி வைத்துத் தைத்திருந்தார்கள். காலை விட்டு, இடுப்புவரை இழுத்து, அதற்கு மேல் கொண்டுவர முயன்றபோது பாதியில் நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

"அக்கா," என்று கூப்பிட்டார் டீச்சர்.

"என்ன?"

"கொஞ்சம் உள்ள வாங்க. மாட்டிக்கிச்சு."

நாத்தனார் உள்ளே வந்தார். கண்ணாடி இல்லாத ஒரே பக்கம் கதவு. அதைப் பார்த்துத் திரும்பி நின்றபடியே, கையைப் பின்னால் நீட்டித் துணியைப் பிடித்து இழுத்தார். டீச்சர் குதித்தார். விற்பனைப்பெண் வெளியிலிருந்து, "மூச்சை முழுசா வெளிய விடுங்க மேடம், அப்புறம் இழுங்க," என்று வழிகாட்டினாள். ஒரு வழியாக மூவருமாகச் சேர்ந்து டீச்சரை உள்ளே திணித்தார்கள்.

"இதுல பெரிய சைஸ் இல்லையா?"

"இதுதான் பெருசு மேடம். இது அப்படித்தான் இருக்கும். மூச்சு மட்டும் லேசா விட்டுக்கணும்."

டீச்சர் நாத்தனாரைப் பார்த்தார். நாத்தனார் ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். "நல்லாத்தான் இருக்கு. ஒண்ணும் தெரியல."

வாங்கியாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை இரண்டு மணி. குளம் ஒரு பெரிய கூடத்துக்குள், தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்களைக் கவனிக்க ஒரு பயிற்சியாளர். கழுத்தில் ஊதல், வெளுத்துப்போன சிவப்பு நீச்சலுடை, தூண் மாதிரி கால்கள். ஊதலை வாயிலிருந்து எடுக்காமலே பேசுவார், அதனால் எல்லோரும் அவரை 'விசிலம்மா' என்றார்கள்.

டீச்சர் படியிறங்கினார். இடுப்பளவு தண்ணீர் வந்ததும் பாவாடைக்குள் காற்று புகுந்து, அது குடை மாதிரி விரிந்து மேலே வந்து மிதந்தது. தொடையை மறைப்பதற்காக வைத்த துணி, இதோ தொடை என்று ஊருக்கே கைகாட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் இரண்டு கையாலும் அமுக்கினார். முன்னால் அமுக்கினால் பின்னால் கிளம்பியது.

"கை ரெண்டும் மேல!" என்று விசிலம்மா ஊதினார். "முட்டியைத் தூக்கி நடங்க!"

கையைத் தூக்கினால் தோளிலிருந்த பட்டை சதையை அறுத்தது. முட்டியைத் தூக்கினால் வயிற்றை அமுக்கும் துணி நெஞ்சுவரை ஏறியது. லேசா மூச்சு விட்டுக்கணும் என்று அந்தப் பெண் சொன்னது டீச்சருக்கு ஞாபகம் வந்தது. விட்டுப் பார்த்தார். பத்தாவது நிமிடம் கண் இருட்டி, கால் மடங்கி, டீச்சர் இடுப்பளவு தண்ணீரில் மூழ்கினார்.

விசிலம்மா குதித்து, அக்குளில் கைவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்து கரையில் உட்காரவைத்தார். டீச்சர் இருமி இருமித் தண்ணீரைத் துப்பினார்.

"உடம்பு சரியில்லையா?"

"உடுப்பு சரியில்ல," என்றார் டீச்சர். "முதுகுப் பக்கம் கொஞ்சம் இழுத்து விடுங்க, செத்துடுவேன்."

பட்டையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டதும் ரயில் நிற்கிற மாதிரி ஒரு பெருமூச்சு வந்தது. விசிலம்மா அந்தத் துணியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"இதைப் போட்டுக் கடையில குந்திப் பாத்தீங்களா?"

"நின்னு பாத்தேன்."

"தண்ணிக்குள்ள வந்து சிலையா நிக்கப் போறீங்களா? கையைத் தூக்கணும், குனியணும், உக்காந்து எந்திரிக்கணும். அப்புறம் டேப் எடுத்து, தோள்ல வச்சு, முன்னாடியா எறக்கி, ரெண்டு காலுக்கு நடுவுல விட்டு, பின்னாடியா திரும்ப அதே தோளுக்குக் கொண்டுவந்து அளந்து பாருங்க. அந்த அளவு சரியா இல்லன்னா இடுப்பு அளவு சரியா இருந்து புண்ணியமே இல்ல. தோளை அறுத்துடும். பட்டை அகலமா இருக்கணும். மார்பைத் தாங்கணும், வயித்தை நசுக்கக் கூடாது. பாவாடை வேணவே வேணாம்."

"வயிறு தெரியுமே," என்றார் டீச்சர். கடைப்பெண்ணின் குரல் தனக்குள்ளிருந்தே வந்தது அவருக்கே எரிச்சலாக இருந்தது.

"யாருக்கு? இவங்களுக்கா?" விசிலம்மா குளத்தைக் காட்டினார். பன்னிரண்டு பேரும் அவரவர் பாவாடையை அமுக்குவதில் மும்முரமாக இருந்தார்கள். "இங்க உங்களைப் பாக்குறதுக்குச் சம்பளம் வாங்குறவ நான் ஒருத்திதான். நான் முட்டியை மட்டும்தான் பாப்பேன்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் டீச்சருக்குத் தன்மேலேயே கோபமாக இருந்தது. பழைய கார் வாங்கப்போகிற ஒவ்வொரு மாணவரிடமும், பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீங்க, ஓட்டிப் பாருங்க, மேட்டில் ஏற்றிப் பாருங்க என்று தொண்டை வற்றச் சொல்கிறவர் அவர். அப்படிப்பட்டவர் மூச்சுவிட முடியாத ஒன்றை, யாரோ 'ஒண்ணும் தெரியல' என்று சொன்னதற்காக வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

சனிக்கிழமை மறுபடி கடை. கைப்பையில் அளவு டேப். கூடவே நாத்தனார், டீச்சரை ஒரு நல்ல முடிவும் எடுக்கவிடாமல் தடுக்க.

நீச்சலுடையைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டோம் என்றாள் விற்பனைப்பெண். "பரவால்ல, அதுல கார் கண்ணாடி துடைச்சுக்கறேன்," என்றார் டீச்சர், தூணைத் தாண்டாமல் நேராக இளம்பெண்கள் பகுதிக்குள் நடந்தார்.

"மேடம், அது யூத் செக்ஷன்."

"வயசு சர்ட்டிபிகேட் கேப்பீங்களா?"

"இல்ல மேடம்…"

"அப்போ சரி. பட்டை அகலமா இருக்குறதெல்லாம் எடு. பெரிய சைஸ் உள்ள குடோன்ல இருக்கும்ல, அதையும் எடு."

நாத்தனார் உடை மாற்றும் அறைகளுக்கு முன்னாலிருந்த முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைப்பைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். "சர்க்கஸ்ல சேரப் போறியா?" என்று கேட்டார்.

அந்த அறைகள் பெண்களுக்கு மட்டும். வெளியே ஒரு குறுகிய நடை, அதன் முனையில் கனமான திரை. டீச்சர் முதல் உடையைப் போட்டுக்கொண்டு நடைக்கு வந்து, சுவரைப் பிடித்தபடி குந்தினார். எழுந்தார். கையைத் தூக்கினார். பத்தடி நடந்து திரும்பினார். தோள் அறுத்தது, வேண்டாம். இரண்டாவது, குனிந்தபோது முன்னால் தொங்கியது. மூன்றாவதில் கால் ஓரம் பிடித்தது. நான்காவது நன்றாக இருந்தது, ஆனால் கையைத் தூக்கியதும் எங்கோ ஒரு தையல் 'டர்' என்று பதில் சொன்னது.

பக்கத்து அறையிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார். கையில் கறுப்பு, பாவாடை வைத்தது. "என்ன பண்றீங்க?"

"ஓட்டிப் பாக்குறேன்," என்றார் டீச்சர்.

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தானும் குந்தினார். அவரும் பாதியில் நின்றுவிட்டார். "ஐயோ, எந்திரிக்க முடியல!" என்றார். இன்னொரு அறையிலிருந்து ஒருவர் வந்து அவரைத் தூக்கிவிட்டு, அவரும் ஒருமுறை குந்திப் பார்த்தார். நடை முழுவதும் உட்காருவதும் எழுவதுமாக இருந்தது.

திரைக்கு வெளியே மேனேஜரின் குரல் கேட்டது. உள்ளே வர முடியாத துக்கம் குரலில் தெரிந்தது. "மேடம், இது கடை மேடம். உடற்பயிற்சிக் கூடம் இல்ல."

"சார், நீங்க செருப்பு வாங்கினா நடந்து பாக்க மாட்டீங்களா?" என்றார் டீச்சர். வெளியே செருப்புச் சத்தம் விலகிப் போனது. பெண்களின் துணியோடு செருப்பை ஒப்பிடலாமா என்று மேலிடத்தில் கேட்கப் போயிருக்க வேண்டும்.

ஐந்தாவது உடை மஞ்சள். அதில் குறுக்கே கருநீலப் பட்டைகள், லாரிக்குப் பின்னால் ஒட்டும் எச்சரிக்கை ஸ்டிக்கர் மாதிரி. தொடையில் பாதிவரை வந்தது. தோளில் அகலமான பட்டை, முதுகில் குறுக்காகப் போய்ச் சேர்ந்தது. குந்தினார், நடந்தார், கையைத் தூக்கினார், முழு மூச்சு இழுத்தார். ஒன்றும் நகரவில்லை, ஒன்றும் அறுக்கவில்லை. பிறகுதான் கண்ணாடியைப் பார்த்தார். வயிறு தெரிந்தது. கைச்சதை தெரிந்தது. நல்ல உருண்டையான தோளும், நிமிர்ந்த முதுகும், தனக்கு இருந்ததே மறந்துபோன ஓர் இடுப்பும் தெரிந்தன. நன்றாக இருந்தது. அதுதான் அவருக்கே கொஞ்சம் அதிர்ச்சி. பக்கவாட்டில் திரும்பி இன்னொரு முறை பார்த்தார், யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு.

விற்பனைப்பெண்ணுக்கு மனசாட்சி உறுத்தியது. "ஆனா மேடம், இதுல வயிறு…"

"இருக்குது, தெரியுது. பில் போடு."

அப்போதுதான் முக்காலியிலிருந்து குரல் வந்தது.

"இந்தாம்மா. ஒரு பக்கம் மட்டும் இருக்கிறவங்களுக்கு என்ன வச்சிருக்கே?"

"ஒரு தோள் மட்டும் பட்டை வச்சதா மேடம்? இருக்கு மேடம், அது ரொம்ப ஃபேஷன்—"

"தோள் இல்ல." நாத்தனார் மடியில் இருந்த பைகளை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது உள்ளங்கையைத் தன் மார்பின் இடது பக்கம் தட்டையாக வைத்தார். "இது. ஆறு வருஷத்துக்கு முன்னாடி எடுத்துட்டாங்க. இந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல. அதுக்கு ஏதாவது இருக்கா, இல்ல அதையும் கறுப்புல மூடிட்டீங்களா?"

குந்திக்கொண்டிருந்தவர் குந்தியபடியே இருந்தார். வயிற்றுக்கும் இடுப்புக்கும் தொடைக்கும் விற்பனைப்பெண்ணை மனப்பாடம் செய்யவைத்தவர்கள் இதற்கு ஒரு வரியும் எழுதிக்கொடுத்திருக்கவில்லை. அவள் விறுவிறுவென்று திரையைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

டீச்சர் மஞ்சள் உடையோடு நாத்தனார் பக்கத்தில் வந்து நின்றார். இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் இவரிடம் ஆறுதலாகப் பேசினால் என்ன கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"ஓடிப்போயிட்டா போல," என்றார் நாத்தனார்.

"வருவா."

பத்து நிமிடம் கழித்து வந்தாள். கையில் ஓர் அட்டைப்பெட்டி, முடியில் தூசி.

"பின்னாடி குடோன்ல இருந்துச்சு மேடம். வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. வெளிய மாட்ட வேணாம்னு மேனேஜர் சொல்லிட்டாரு. பாக்கிறவங்க சங்கடப்படுவாங்களாம்."

"இதுவரைக்கும் எத்தனை பேர் சங்கடப்பட்டாங்க?"

அவள் எண்ணிப் பார்ப்பவள்போல நின்றாள். "யாரும் பாக்கவே இல்லையே மேடம்."

பெட்டிக்குள் நாலு இருந்தன. கழுத்து உயரமாக, அக்குள் பக்கம் நன்றாக மூடி, உள்ளே இரண்டு பக்கமும் பை மாதிரி துணி வைத்துத் தைத்திருந்தார்கள். இல்லாத பக்கத்துக்கு அதற்குள் வைத்துக்கொள்ள மெத்தென்று ஒன்று தனியாகக் கிடைக்கும் என்று அந்தப் பெண் சொன்னாள். இந்த முறை மனப்பாடமாக இல்லை; பெட்டியில் இருந்த சீட்டைப் படித்துப் படித்து, தடுமாறித் தடுமாறிச் சொன்னாள்.

நாத்தனார் கரும்பச்சையை எடுத்துக்கொண்டு தனியாக உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்தது. டீச்சர் தன் உடையை மாற்றிக்கொண்டு வந்து, பில்லும் போட்டுவிட்டு வந்து, முக்காலியில் உட்கார்ந்தார்.

கதவு ஒரு விரற்கடை திறந்தது. "உள்ள வா."

மூன்று கண்ணாடியிலும் நாத்தனார் இருந்தார். உடை இடுப்புவரைதான் ஏறியிருந்தது. மார்பின் வலப்பக்கம் ஐம்பத்தேழு வயதுக்கு உண்டானது. இடப்பக்கம் தட்டையாக, குறுக்கே ஒரு கோடு, கோட்டின் இரண்டு பக்கமும் தையல் போட்ட புள்ளிகள். இத்தனை வருடத்தில் டீச்சர் அதைப் பார்ப்பது முதல்முறை. நாத்தனார் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நிற்பதையும்தான்.

"என்ன பாக்குறே?"

"பின்னாடி பட்டை முறுக்கிக்கிட்டு இருக்கு, திரும்புங்க."

டீச்சர் முறுக்கை எடுத்துவிட்டு, உடையை மேலே இழுத்து, தோளில் பட்டையைச் சரியாக வைத்தார்.

"குந்தணுமா?"

"ஆமா. கதவைப் பிடிச்சுக்கங்க."

நாத்தனார் குந்தினார், எழுந்தார். கையைத் தூக்கினார். இடது கை முழுதாக மேலே போகாது, போனவரை தூக்கினார். உடை அப்படியே இருந்தது.

"அந்தப் பைக்குள்ள வைக்கிறதையும் சேத்து வாங்கிடலாமா அக்கா?"

"வேணாம். காலியா இருக்கட்டும். ஆறு வருஷமா சட்டைக்குள்ள கைக்குட்டையைச் சுருட்டி வச்சு வச்சு எனக்கு அலுத்துப்போச்சு." கண்ணாடியில் ஒருமுறை முன்னும் பின்னும் பார்த்தார். "அன்னிக்கு அந்தக் கறுப்பு நல்லா இருக்குன்னு சொன்னேன்ல?"

"ஆமா."

"நல்லாவே இல்ல. நனைஞ்ச குடை மாதிரி இருந்தே. எல்லாத்தையும் மூடியிருந்துச்சு, அதான் நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன்."

"அதை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் தண்ணி குடிச்சிருக்க மாட்டேன்."

"குடிச்சது நல்லதுதான். இல்லாட்டி இன்னிக்கு இங்க வந்திருக்க மாட்டோமே," என்றார் நாத்தனார். மன்னிப்பு என்பது அவரிடம் இந்த அளவில்தான் கிடைக்கும், அதுவும் சில்லறையாக.

வீட்டில் டீச்சரின் கணவர் இரண்டு பைகளையும் பார்த்துவிட்டுப் பேப்பரை மடித்தார். "அக்காவுமா? யாராவது பாத்தா என்ன நெனைப்பாங்க?"

"என்னடா நெனைப்பாங்க?" என்றார் நாத்தனார். "சொல்லு. நீ என்ன நெனைக்கிறியோ அதைச் சொல்லு."

அவர் நிமிர்ந்தார். அக்காவின் இடது பக்கச் சட்டை எதுவும் வைக்காமல் தட்டையாக இருப்பதை அப்போதுதான் கவனித்தார். பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார். கொஞ்சநேரம் கழித்து, பேப்பருக்குப் பின்னாலிருந்து, "தண்ணி சில்லுனு இருக்கும், மொதல்ல காலை மட்டும் நனைங்க," என்றார்.

செவ்வாய்க்கிழமை நாத்தனார் குளத்தின் மூன்றாவது படியில் கால்மணி நேரம் நின்றார். தண்ணீரில் குளோரின் நாற்றம், கைப்பிடியில் துரு, பக்கத்திலிருந்த பெண்ணின் தொப்பியில் ஓட்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே நின்றார். நல்ல பருமனான ஒரு பெண்மணி அவரையே பார்த்துவிட்டு, சுற்றிவளைக்காமல் கேட்டார். "அந்தப் பக்கம் என்னாச்சு?"

"புத்துநோய். எடுத்தாச்சு," என்றார் நாத்தனார்.

"எனக்குக் கர்ப்பப்பை," என்றார் அந்தப் பெண்மணி. "வாங்க, எறங்கினா குளிர் தெரியாது." ஆறு வருடம் ஒரு குடும்பமே மூச்சுக்காட்டாமல் பாதுகாத்த ரகசியம், இரண்டு வரியில் முடிந்து தண்ணீரில் கரைந்தது. நாத்தனாருக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்திருக்கலாம்.

மூன்று மாதத்தில் டீச்சரின் முட்டி வீக்கம் பாதி வடிந்தது. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது. பிசியோதெரபிஸ்ட் அதற்கும் ஒரு வழி வைத்திருப்பதாகச் சொல்கிறார், அதற்கு என்ன துணி போட வேண்டும் என்று டீச்சர் முதலிலேயே கேட்டுவிட்டார். நாத்தனாரின் இடது கை இப்போது காதைத் தாண்டிப் போகிறது. பெண்கள் நேரத்தை மாலைக்கு மாற்றச் சொல்லி அவர் நகராட்சிக்கு நாலு கடிதம் எழுதியிருக்கிறார், நாலும் பதிவுத் தபாலில். 'பரிசீலனையில் உள்ளது' என்று நாலுக்கும் ஒரே பதில் வந்திருக்கிறது. ஐந்தாவதை எழுதிக்கொண்டிருக்கிறார்.

போன வியாழக்கிழமை விசிலம்மா அவரை மல்லாக்க மிதக்கச் சொன்னார். டீச்சர் முதுகுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். நாத்தனார் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, நகரக் கூடாது, பேசக் கூடாது, தும்மக் கூடாது என்று மூன்று கட்டளை போட்டுவிட்டு உடம்பைத் தளர்த்தினார். கொஞ்சம் கொஞ்சமாகக் கைகளின் மேலிருந்த கனம் குறைந்தது. கரும்பச்சை உடையில், ஒரு பக்கம் மேடும் ஒரு பக்கம் சமதரையுமாக, நாத்தனார் தண்ணீரின் மேல் படுத்திருந்தார். மெதுவாகக் கண்ணைத் திறந்தார். வெகுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்கும் மனசு நிறைந்துவிட்டதோ என்று டீச்சர் பயந்துபோனார்.

"மேல பாரு," என்றார் நாத்தனார். "கூரை முழுக்க ஒட்டடை. இத்தனை வருஷமா இங்க ஒருத்தியும் மல்லாந்து படுக்கவே இல்லையா? யாரு இங்க பொறுப்பு, பேரு என்ன?"